கை ஓங்காத தீவு

சாந்த் அகாத் தீவுக்கு வந்து இறங்குறவங்க கையில விமான நிலையத்துலேயே வழவழன்னு ஒரு புத்தகத்தைத் திணிப்பாங்க. கரீபியன் கடல்ல இருக்குற இந்தக் குட்டி நாட்டோட நீள அகலம், நடுவுல நிக்குற அணைஞ்ச எரிமலை, ஜாதிக்காய், வாழை, கறுப்பு மணல், பிரெஞ்சுக்காரன் வந்தது, இங்கிலீஷ்காரன் வந்தது, ரெண்டு பேரும் மாறி மாறிப் பிடுங்கிக்கிட்டது, ஆப்பிரிக்காவுல இருந்து சங்கிலி போட்டு இழுத்துட்டு வந்தவங்க, அப்புறம் காரைக்கால்ல இருந்து கரும்பு வெட்டக் கப்பல் ஏத்திட்டு வந்த நம்ம ஆளுங்க, எல்லாம் அதுல இருக்கும். கடைசிப் பக்கத்துல, இங்குள்ள மக்கள் மென்மையானவர்கள், யாரும் யார்மீதும் கை ஓங்குவதில்லைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். அதைப் படிச்சுட்டு வர்றவங்க எல்லாம் உருகிப்போவாங்க. எனக்கு வயிறு எரியும். அந்த மென்மையை ஊசியும் நூலுமா உட்கார்ந்து தைச்சவ நான்.

நான் தக்கலைக்காரி, பேரு ஜெபக்கனி. புருஷன் போன பிறகு, மகளை அக்கா வீட்டுல விட்டுட்டு நர்ஸ் வேலைக்குன்னு கிளம்பி வந்தவ. துறைமுகத்துக்கு மேல மேட்டுல இருக்குற அரசாங்க ஆஸ்பத்திரியில தையல் போடுற சிஸ்டர்னா இங்க எல்லாருக்கும் தெரியும். நான் வந்த புதுசுல இந்த ஊருல அடிதடி இல்லாத நாள் கிடையாது, வாத்தியார் பெல்ட்டைக் கழட்டுவான், போலீஸ்காரன் லத்தியைக் கழட்டுவான், புருஷன் எதையும் கழட்டாமலே கையை நீட்டுவான், வயல்ல வாழைத்தார் வெட்டுற கத்தி சாராயக் கடையில காது வெட்டும். நம்ம ஊரும் இதுல லேசுப்பட்டது இல்லங்கிறதால எனக்கு ஒண்ணும் புதுசா இல்ல.

இதுக்கெல்லாம் சேர்த்து ஒரு திருவிழாவும் வெச்சிருந்தாங்க. கார்னிவல் திங்கக்கிழமை கம்படி. மேளம் அடிக்க, பாட்டுப் பாட, வட்டத்துக்குள்ள ரெண்டு பேர் கம்போட இறங்குவாங்க, எங்க ஊர் அடிமுறை ஆசான்களே பார்த்தா வாயைப் பிளக்குற மாதிரி சுத்துவாங்க. வட்டத்துக்கு நடுவுல மண்ணுல ஒரு குழி இருக்கும், அதுக்குப் பேரு ரத்தக்குழி. யாரு மண்டை உடையுதோ அவன் தானா நடந்து போய் அந்தக் குழிக்கு மேல குனிஞ்சு தன் ரத்தத்தைச் சொட்ட விடணும். சொட்டிட்டா பகை தீர்ந்துச்சு, அடிச்சவனும் பட்டவனும் கட்டிப்பிடிச்சு ரம் குடிக்கப் போயிடுவாங்க. அப்படியே காலங்காலமா அந்தக் குழி இந்த ஊரோட கோபத்தைக் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரு வருஷம் பிரதமர் தெலியூ, பெரிய கப்பல்ல சுற்றுலாக்காரங்க வர்றாங்க, ரத்தம் பார்த்தா முகம் சுளிப்பாங்கன்னு சொல்லி வட்டத்துக்கு சிமெண்ட் பூசி, குழியையும் மூடி, மேல பூப்போட்ட ஓடு பதிச்சுட்டாரு. ஊர்க்காரங்க ஒருத்தர்கூட வாயைத் திறக்கல, புது ஓடு பார்க்க லட்சணமா இருக்குன்னு கைதட்டினாங்க, கூறு கெட்டதுக.

அந்தத் திங்கக்கிழமை கறிக்கடை திபோ கம்பால ரொட்டிக்காரன் மண்டையில ஒரு போடு போட்டான். ரொட்டிக்காரனுக்கு நெத்தி பிளந்துச்சு. அதே நேரம் ரெண்டு தெரு தள்ளி தபாலாபீஸ்ல ஸ்டாம்பு கிழிச்சுக்கிட்டு இருந்த லூசெத்ங்கிற பொண்ணுக்கும் நெத்தி பிளந்துச்சு, அதே இடம், அதே நீளம். ரெண்டு பேரையும் எங்கிட்டதான் கொண்டு வந்தாங்க, நான் ஒருத்திக்குப் போட்ட அதே எண்ணிக்கைத் தையலைத்தான் இன்னொருத்தனுக்கும் போட்டேன். விஷயம் கேள்விப்பட்டு திபோவோட பொண்டாட்டி ஓடி வந்தா, வந்தவ லூசெத் முடியைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தா, அவ்வளவுதான், தெற்குக் கரையில கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு இருந்த, இழுத்தவளோட சொந்தத் தம்பி தலையில ஒரு கொத்து முடி வேரோட வந்துடுச்சு.

அன்னைக்கே ஊருக்குப் புரிஞ்சுபோச்சு. இனிமே அடி வாங்குறவனோட வலி நிக்காது, அடிக்கிறவன் மனசுல யாரு உட்கார்ந்திருக்காங்களோ அவங்களுக்கும் அதே அடி விழும். ஏன் எதுக்குன்னு யாரும் ஆராய்ச்சி பண்ணல. சிமெண்டை உடைச்சுக் குழியைத் திரும்பத் தோண்டிப் பார்த்தாங்க, ஒண்ணும் நடக்கல, சரி, மழைக்காலம் மாதிரி இதுவும் வந்திருக்குன்னு விட்டுட்டாங்க. பாதிரியார் மட்டும் ரெண்டு ஞாயித்துக்கிழமை இதைப் பத்திப் பிரசங்கம் பண்ணாரு, மூணாவது ஞாயித்துக்கிழமை கோயில் மணிக்காரனுக்கு ஒரு அறை விட்டதுல பாட்டுக்குழு டீச்சருக்குக் கன்னம் வீங்கிப்போய், அதோட அவரும் வாயை மூடிக்கிட்டாரு.

ஊருன்னா எதையும் பழகிக்கும். ஒருத்தன் சண்டைக்குப் போறான்னு தெரிஞ்சா அவன் வீட்டாளுங்க, சத்தம் போடாம, தலையணையை எடுத்துத் தலையில வெச்சுக் கயித்தால கட்டிக்கிட்டு உட்கார்ந்துக்குவாங்க, கட்டிக்கிட்டே சமைப்பாங்க, கட்டிக்கிட்டே ஜெபம் சொல்லுவாங்க. கல்யாணம் நிச்சயம் பண்றதுக்கு முன்னாடி பொண்ணு வீட்டுல மாப்பிள்ளையைக் கூப்பிட்டு வழியில போற யாரையாவது ஒரு தட்டு தட்டச் சொல்லிட்டுப் பொண்ணு கன்னத்தைப் பார்ப்பாங்க. நாலு பிள்ளை பெத்தவ எந்தப் பிள்ளையை அடிச்சாலும் ரெண்டாவது பிள்ளை கன்னம்தான் சேர்ந்து சிவக்கும், மத்த மூணும் அதைப் பார்த்துக்கிட்டு நிக்கும், அந்த மூஞ்சிகளை எங்களால பார்க்க முடியாது. பொண்டாட்டியை அடிக்கிறவங்க கதைதான் கொடுமையிலும் கொடுமை. பிரியமில்லாதவன் அடிச்சா ஒரு காயம், பிரியம் உள்ளவன் அடிச்சா அவளுக்கே ரெண்டு மடங்கு, எலும்பு வரைக்கும் போகும். அப்படி எலும்பு வரைக்கும் போனவங்க, கண்ணு வீங்கி மூடிக்கிட்டு, எங்கிட்டத் தையலுக்கு வரிசையில நிக்கும்போது, பக்கத்துல லேசான காயத்தோட நிக்குறவளை ஒரு பெருமையோட பார்ப்பாங்க. செருப்பால அடிக்கணும் போல இருக்கும் எனக்கு. அடிக்கல. கடலைத் தாண்டித் தக்கலை வரைக்கும் இது போகுமா போகாதான்னு எனக்குத் தெரியாது, என் மக அங்க பத்தாம் வகுப்புப் படிச்சுக்கிட்டு இருந்தா.

கொஞ்சம் கொஞ்சமா அடி குறைஞ்சுச்சு. போலீஸ் சார்ஜண்ட் ஒருத்தன் திருடனை லத்தியால அடிச்சதுல பள்ளிக்கூடத்துல இருந்த அவன் மகளுக்குக் கை முறிஞ்சுச்சு, மறுநாளே ஸ்டேஷன்ல எல்லா லத்தியையும் அடுப்புல வெச்சுட்டாங்க. எல்லாரும் நிம்மதியா மூச்சு விட்டாங்க, பிரதமர் தெலியூவைத் தவிர. அடிக்காம எப்படிய்யா ஆட்சி பண்றதுன்னு அவருக்குத் தூக்கம் போச்சு. இத்தனைக்கும் அந்த மனுஷன் தன் கையால ஒரு ஆளைத் தொட்டது கிடையாது, அதுக்குத்தான் ஆளுங்களை வெச்சிருந்தாரே. அவரோட சம்சாரம் மதாம் ஒதில் மட்டும் அதுக்கு வேற காரணம் வெச்சிருந்தாங்க. என் வீட்டுக்காரர் அடிச்சா எனக்கும் பிள்ளைங்களுக்கும் வலிக்கும், அதனாலதான் அவர் கையை மடக்கியே வெச்சிருக்காருன்னு மாதர் சங்கத்துல, கோயில் வாசல்ல, போற இடமெல்லாம் சொல்லுவாங்க, சொல்லும்போது முகம் மலர்ந்துபோகும்.

யாரு மேலயும் பிரியம் இல்லாத ஒரு ஆள் வேணும்னு தெலியூ தேட ஆரம்பிச்சாரு. வந்தவன் ஒவ்வொருத்தனையும் ஒரு கைதி கன்னத்துல அறையச் சொல்லிட்டு, யாருக்காவது கன்னம் சிவந்துச்சான்னு ரேடியோவுல தீவு முழுக்கக் கேப்பாங்க. பெரிய பெரிய ரவுடியெல்லாம் தோத்துப்போனானுங்க. ஒருத்தனுக்குச் சித்தி கன்னம் சிவந்துச்சு, ஒருத்தனுக்குத் துறைமுகத்துல தொழில் பண்ற பொம்பளைக்கு வீங்குச்சு, ஒருத்தன் வீட்டு நாய் ஊளை விட்டுச்சு. கடைசியா கல் குவாரியில இருந்து எவாரிஸ்த் காளிமுத்துன்னு ஒருத்தன் வந்தான். தாத்தனோட தாத்தன் நம்ம பக்கத்து ஆளு, பேருல மட்டும் அது மிச்சம், பாஷை போயே போச்சு. கன்னிமடத்து வாசல்ல போட்டுட்டுப் போன பிள்ளை, மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாத் தோல் வியாதி, அதனால ஒருத்தரும் பக்கத்துல சேர்க்க மாட்டாங்க. அவன் அறைஞ்சான், ரேடியோ கேட்டுச்சு, தீவு முழுக்க ஒருத்தரும் பதில் சொல்லல. தெலியூ அவனை அணைச்சுக்காத குறைதான். சட்டை குடுத்து, தொப்பி குடுத்து, கையில ஒரு தடியும் குடுத்து, இவன்தான் அரசாங்கத்தோட கைன்னு அறிவிச்சாரு.

வடக்குக் கரையில செலெஸ்தின்னு ஒரு மீன்காரி இருந்தா, நாப்பது வயசிருக்கும், புருஷனைக் கடல் கொண்டுபோயிருந்துச்சு. அந்த ரேடியோ கேட்ட நாள்ல அவ இடது கன்னம் பழுத்துப்போய் இருந்திருக்கு. வாயைத் திறக்கல. தாலி இழந்தவ கன்னத்துல அடையாளம்னா எவனோ ஒருத்தன் மனசுல வெச்சிருக்கான்னு அர்த்தம், எவன்னு ஊரு கேக்குமே, எவன்னு அவளுக்கே தெரியாதேன்னு துணியால கன்னத்தைச் சுத்திப் பல்லுவலின்னு சொல்லிட்டா. அதுக்கப்புறம் மாசா மாசம் எங்கிட்ட வர ஆரம்பிச்சா. பாறையில வழுக்கிட்டேன்பா, படகு மோதிடுச்சும்பா. முதுகுல தடித் தடமா இருக்கும். நானும் இது எவனோ வீட்டுல வெச்சு அடிக்கிறான்னுதான் நினைச்சேன், நினைச்சு அவளைத்தான் ரெண்டு திட்டு திட்டினேன்.

அந்த வருஷம் துறைமுகத்துல பழைய கிரேன் கயிறு அறுந்து ஒரு ஆளு நசுங்கிச் செத்தான். புதுக் கயிறு மாட்டுற வரைக்கும் சுமை இறக்க மாட்டோம்னு கூலிக்காரங்க உட்கார்ந்தாங்க. தெலியூ எவாரிஸ்த்தை அனுப்பினாரு. அவன் போய் வரிசையா அடிச்சான், அவங்க திருப்பி அடிக்கல, எப்படி அடிப்பாங்க, ஒவ்வொருத்தனுக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்கே. மத்தியானத்துக்குள்ள ஆம்பளை வார்டு நிரம்பிடுச்சு, ஒருத்தனுக்குத் தோள்பட்டை, ஒருத்தனுக்கு விலா, ஒருத்தனுக்கு முட்டி, ஒருத்தனுக்கு உதடு கிழிஞ்சு பல்லு போயிருந்துச்சு, தைச்சுத் தைச்சு எனக்கு விரல் மரத்துப்போச்சு. அப்ப ஒரு மீன் வண்டியில செலெஸ்தினைக் கொண்டு வந்து போட்டாங்க. நான் துணியை விலக்கினேன். தோள்பட்டை இருந்துச்சு, விலா இருந்துச்சு, முட்டி இருந்துச்சு, உதடும் பல்லும் இருந்துச்சு. அங்க ஒருத்தனுக்கு ஒண்ணுன்னு பங்கு போட்டிருந்தது எல்லாம் இங்க ஒரு உடம்புல கிடந்துச்சு. பக்கத்துல நின்ன டாக்டரும் பார்த்தாரு, வார்டு கூட்டுறவளும் பார்த்தா, யாரும் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டி இருக்கல. நான் சுவத்துல சாஞ்சுக்கிட்டு அழுதேன்.

இன்னும் ஒரு நாள் இப்படி அடி விழுந்தா இவ பிழைக்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. கூலிக்காரங்களோ, நாளைக்கும் உட்காருவோம்னு கட்டில்ல கிடந்துக்கிட்டே சொல்லி அனுப்பிட்டாங்க. நான் எவாரிஸ்த்தைக் கூப்பிட்டு விட்டேன், கை கொப்பளிச்சிருக்குமே, மருந்து போடணும் வான்னு. வந்தான். நேரா செலெஸ்தின் கட்டிலுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். அவ ஒத்தைக் கண்ணைத் திறந்து அவனை மேலயும் கீழயும் பார்த்தா.

"நீ யாரு? உன்னை எனக்குத் தெரியவே தெரியாதே."

அவனுக்கு முதல்ல ஒண்ணும் புரியல. காயத்தை எல்லாம் ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டே வந்தான், அவன் போட்டது அவனுக்குத் தெரியாதா, முகம் வெளுத்துப்போச்சு. தனக்கு யாரு மேலயும் பிரியம் கிடையாதுன்னு அவன் நிசமாவே நம்பிக்கிட்டு இருந்திருக்கான், பாவி.

"வெள்ளிக்கிழமை சந்தையில உங்ககிட்ட மீன் வாங்குவேன்"னான். "மத்தவங்க பலகையில வீசுவாங்க. நீங்க கையில குடுப்பீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அதுக்கா என்னைக் கொல்ற?"

அவன் திரும்பித் தன் தலையைச் சுவத்துல ஓங்கி ஒரு மோது மோதினான். செலெஸ்தின் நெத்தி கிழிஞ்சு ரத்தம் தலையணையில வழிஞ்சுச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைக் கன்னத்துல அறையக் கையைத் தூக்கிட்டேன், தூக்கின கையை என் மக முகம்தான் பிடிச்சு நிறுத்துச்சு, அந்தக் கையாலேயே அவன் சட்டையைப் பிடிச்சு வெளியில தள்ளினேன். தள்ளும்போது செலெஸ்தின் பின்னால இருந்து சொன்னா. சத்தமே வரல, ஆனா அவனுக்குக் கேட்டுச்சு.

"உனக்கு என் மேல இருக்குறதை நீ நினைச்சாலும் நிறுத்த முடியாது. கையை நிறுத்து."

மறுநாள் காலையில அவளுக்கு ஜன்னல் ஓரம் கட்டில் போட்டுக் குடுத்தேன், அவ கேட்டா. கீழ துறைமுகம் முழுசாத் தெரியும். கட்டுப் போட்ட கூலிக்காரங்க நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்தாங்க. தெலியூ கார்ல வந்தாரு, கூடவே மதாம் ஒதிலும் மூணு பிள்ளைங்களும், குடும்பத்தோட வந்தா ஜனங்க அடங்கும்னு யாரோ யோசனை சொல்லியிருக்கணும். எவாரிஸ்த் தடியோட நடந்து வந்தான். செலெஸ்தின் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சு, கண்ணை மூடிக்கிட்டா, ஊசி போடும்போது பிள்ளைங்க மூடிக்குமே அந்த மாதிரி. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன், அவளுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன். முதல் ஆள் முன்னாடி நிக்குறான்னேன். தடியைத் தூக்குறான்னேன். அவ நகம் என் உள்ளங்கையில இறங்குச்சு. கீழ போட்டுட்டான்னேன். செலெஸ்தின், தடியைக் கீழ போட்டுட்டான்.

தெலியூ கத்தினது மேடு வரைக்கும் கேட்டுச்சு. எடுன்னாரு, எடுக்கல. இவனை உதைச்சுத் தள்ளுங்கடான்னாரு, போலீஸ்காரங்க ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கிட்டாங்களே தவிர நகரல. அப்புறம் அவரே குனிஞ்சு தடியை எடுத்தாரு. துறைமுகம் முழுக்க எல்லாத் தலையும் மதாம் ஒதில் பக்கம் திரும்புச்சு. அந்தம்மா பதறல. கார்ல இருந்து தலையணைகளை எடுத்தாங்க, கார்லயே வெச்சிருந்திருக்காங்க பாருங்க, மூணு பிள்ளைங்க தலையிலயும் ஒண்ணொண்ணாக் கட்டினாங்க, முடிச்சைச் சரிபார்த்தாங்க, கடைசியாத் தனக்கும் கட்டிக்கிட்டுப் பிள்ளைங்களை அணைச்சு நிமிர்ந்து நின்னாங்க. நிமிர்ந்துன்னா, அப்படி ஒரு நிமிர்வு. தெலியூ அவங்களை ஒரு தடவை பார்த்தாரு. பார்த்துட்டு, ரெண்டு கையாலயும் தடியை ஓங்கி எவாரிஸ்த் மண்டையில இறக்கினாரு.

எவாரிஸ்த் கையைப் பின்னால கட்டிக்கிட்டே விழுந்தான். அவன் விழுந்த அதே நேரத்துல தெலியூ மண்டையும் நடுவுல இருந்து காது வரைக்கும் பிளந்து, தடியைப் பிடிச்ச பிடியோட அவன் மேலயே சாஞ்சாரு. தலையணை எதுலயும் ஒரு துளி ரத்தம் இல்ல.

எவாரிஸ்த் பிழைச்சான், கல் உடைச்ச உடம்பு தாங்கிடுச்சு, அதை இப்பவே சொல்லிடறேன், பின்னாடி என்னை நச்சரிக்கக் கூடாது. ஒரு கண்ணு போச்சு, திரும்பக் குவாரிக்கே போயிட்டான், வெள்ளிக்கிழமை சந்தைப் பக்கம் வரக்கூடாதுன்னு செலெஸ்தின் சொல்லியிருந்தா, இன்னைக்கு வரைக்கும் வர்றதில்ல. தெலியூ ஆஸ்பத்திரிக்கு வரும்போதே போய்ட்டாரு. அவர் சாஞ்ச சேதி கேட்டு செலெஸ்தின் சந்தோஷப்படவும் இல்ல, அழவும் இல்ல. தன் உடம்பைத் தலையில இருந்து கால் வரைக்கும் தடவித் தடவிப் பார்த்தா, புதுசா ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதும் தண்ணி கேட்டுக் குடிச்சா, ரெண்டு செம்பு குடிச்சா.

அப்பதான் மதாம் ஒதில் வார்டுக்குள்ள வந்தாங்க. பிள்ளைங்களை வெளியில உட்கார வெச்சிருந்தாங்க. புருஷன் பொணம் எந்தப் பக்கம்னுகூடக் கேக்கல, நேரா என் முன்னாடி வந்து ஸ்டூல்ல உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துத் தலையைக் குனிஞ்சாங்க.

"பாருங்க சிஸ்டர். எங்கயாவது இருக்கும்."

பார்த்தேன். ஒண்ணும் இல்லம்மான்னேன். விளக்கைக் கிட்டக் கொண்டு வந்து வகிடு வகிடாப் பாருங்கன்னாங்க. பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தேன், காதுக்குப் பின்னால பார்த்தேன், பிடரியில பார்த்தேன். சின்னக் கீறல், ஒரு சிவப்பு, ஊசி குத்தின மாதிரி ஏதாவதுன்னு கேட்டாங்க. வெள்ளை வெளேர்னு குழந்தை தலை மாதிரி இருக்கும்மா உங்களுதுன்னு சொல்ல வாய் வரல, விளக்கைத் தள்ளி வெச்சேன். குனிஞ்ச தலை குனிஞ்சபடியே அந்தம்மா குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பிச்சாங்க, புருஷன் செத்ததுக்கு அழுற அழுகை இல்ல அது.

செலெஸ்தின் இதெல்லாத்தையும் கட்டில்ல இருந்து பார்த்துக்கிட்டே இருந்தா. அவளுக்கு எங்க இருந்து அவ்வளவு கோபம் வந்துச்சோ, எழுந்து உட்கார்ந்து, முதுகைத் திருப்பி, ஆஸ்பத்திரிச் சட்டையைக் கழுத்து வரைக்கும் தூக்கினா. கட்டு மூடாத இடத்துல எல்லாம் கறுப்பும் நீலமும் பச்சையுமா, பழைய தழும்பு மேல புதுத் தையல், தையல் மேல வீக்கம், தோல்னு சொல்ல உள்ளங்கை அகலம்கூட மிச்சம் இல்ல.

"இங்க பாருங்க மதாம்"னா. "இதுக்கா அழுறீங்க? இதுவா வேணும் உங்களுக்கு?"

மதாம் ஒதில் கிட்ட வந்து நின்னாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. விரலைக் கொண்டுபோய் ஒரு தழும்பைத் தொடப்போய்த் தொடாம இழுத்துக்கிட்டாங்க.

"ஆமா"ன்னாங்க.

செலெஸ்தின் சட்டையை இறக்கி விட்டுட்டு, வலியில முனகிக்கிட்டே, கட்டில்ல நகர்ந்து அவங்களுக்கு உட்கார இடம் விட்டா.